அமுக்கு, மச்சான்

விமான வாசலில் எல்லோரும் வலது பக்கம் திரும்பி, பெட்டியை இழுத்துக்கொண்டு, முன்னால் போகிறவர் முதுகில் இடித்துக்கொண்டு போனார்கள். சக்கர நாற்காலியை மட்டும் பணிப்பெண் இடது பக்கம் திருப்பினாள்.

"பார்த்தியா மச்சான், சாகப் போறவனுக்கு என்ன மரியாதை!" என்றார் மாப்பிள்ளை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்ததால் சளி பிடித்தவர் பேசுவது போல் இருந்தது.

"வாயை மூடு மாப்ளே. காதுல விழுந்தா இப்பவே இறக்கி விட்டுடுவாங்க."

"அதான் பல்லைக் காட்டிக்கிட்டு வர்றேன்."

மாப்பிள்ளை என்பது பின்னால் வந்த உறவு. அதற்கு முன்பே இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே சைக்கிளில் ஊர் சுற்றிய சிநேகிதர்கள். ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்து, தெருவுக்கே மாஸ்டர் ஆனார். இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக் ஆகி, மாஸ்டரின் தங்கையைக் கட்டிக்கொண்டு, கடல் தாண்டி வேலைக்குப் போனார். வானத்தைத் தொடும் கட்டடங்கள் உள்ள நகரம் அது. அங்கே லிஃப்டுக்கும் ஓய்வில்லை, அதைப் பழுது பார்ப்பவருக்கும் ஓய்வில்லை. இருமல் வந்தபோது இயந்திர அறைத் தூசியின் வேலை என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். படம் எடுத்துப் பார்த்தபோது இரண்டு நுரையீரலிலும் புற்றுநோய் பரவியிருந்தது.

தங்கைக்கு விசா கொடுக்க மறுத்துவிட்டார்கள். மாஸ்டருக்குக் கொடுத்தார்கள். ஏன் இவருக்கு உண்டு, அவளுக்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர் கிளம்பிய அன்று அவள் அழவில்லை. வாசலில் இருந்த இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அவரை உயிரோட கொண்டுவந்து என் கண்ணுல காட்டிடு. ஒரே ஒரு நாள் இருந்தாலும் போதும். வேற எதுவும் உன்கிட்ட கேக்க மாட்டேன்" என்றாள்.

"கூட்டிட்டு வர்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியிருந்தார் மாஸ்டர். பாப்பா என்பது வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். அவளுக்குக் கல்லூரிக்குப் போகும் மகள் இருந்தும் அந்தப் பெயர் உதிரவில்லை.

அங்கே ஆஸ்பத்திரி டாக்டர் லேசில் மசியவில்லை. பதினாறு மணி நேரத்துக்கும் மேலாக, நடுவில் எங்கும் நிற்காமல் பறக்கும் விமானம். உட்கார்ந்துகொண்டு போனால் உடம்பு தாங்காது, படுத்துக்கொண்டு போவதானால் மட்டும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மாப்பிள்ளை வேலை செய்த கம்பெனிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, இரண்டு பேருக்குமே பிஸினஸ் கிளாஸில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தவை நடுவரிசையில் ஒட்டியிருந்த இரண்டு இருக்கைகள். இருக்கை என்று சொல்வதைவிட ஆளுக்கொரு குட்டி அறை என்று சொல்லலாம். பக்கத்தில் பலகை, விளக்கு, செருப்பு வைக்க ஒரு பொந்து, முன்னால் வீட்டு டி.வி. அளவுக்குத் திரை. கைப்பிடியை ஒட்டி வரிசையாகப் பட்டன்கள். ஒன்றைத் தொட்டால் கால் எழும்பியது, இன்னொன்றைத் தொட்டால் முதுகு தாழ்ந்தது. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்ல மோட்டார். நம்ம கட்டடத்துல போட்டிருந்தா நான் பாதி நாள் தூங்கியிருப்பேன்."

நரை எட்டிப் பார்த்த தலைமைப் பணிப்பெண் ஒருத்தி வந்து அவர் அருகில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஆக்ஸிஜன் இயந்திரத்தை எடுத்துப் பார்த்தாள். ஒரு கைப்பை அளவுக்கு இருந்த அது, அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் 'ப்ஸ்' என்று காற்றை ஊதியது.

"சார், இதோ இங்க ஆள் படம் போட்ட பட்டன் இருக்கு. எதுன்னாலும் இதை அமுக்குங்க, ஓடி வந்துடுவேன். உடம்புக்கு ரொம்ப முடியலைன்னா தயங்கவே தயங்காதீங்க. கேப்டன் பக்கத்துல இருக்கிற ஊர்ல இறக்கிடுவார்" என்றாள்.

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் நகர்ந்ததும் மாப்பிள்ளை மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த உடம்பில் அவ்வளவு பிடி மிச்சமிருக்கும் என்று மாஸ்டர் நினைக்கவில்லை.

"மச்சான், அந்தப் பட்டனைத் தொட்டே, தெரியும் சேதி."

"ஏன்டா?"

"ஏதோ ஒரு ஊர்ல, எவனோ ஒருத்தன் ஆஸ்பத்திரியில கிடக்கிறதுக்கா கிளம்பி வந்தேன்? எனக்கு உன் தங்கச்சிகிட்ட நேர்ல திட்டு வாங்கணும். போன்ல திட்டுறா, ஆனா அதுல ஒரு காரம் இல்ல. என்ன ஆனாலும் சரி, தொடாதே. சொல்லு, தொட மாட்டேன்னு."

"சரி. தொட மாட்டேன்."

விமானம் ஓடுபாதையில் வேகம் எடுத்தபோது மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பக்கத்தில் இருப்பவன் ஓட்டும்போது பிரேக்கைத் தேடும் கால் அது. மாப்பிள்ளை அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. நடைவழிக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்ட ஒருவர் இருந்தார். அவர் இவர்களைப் பார்த்தார், பிறகு காதில் எதையோ மாட்டிக்கொண்டார்.

சாப்பாடு வந்தது. வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டில் சூப், ரொட்டி, கோழி, பழம், இனிப்பு என்று வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு கரண்டி சூப்புக்கு மேல் இறங்கவில்லை. ஆனால் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"எனக்காக நீ தின்னு மச்சான். இந்த ஜென்மத்துல மறுபடி இங்க உக்காரப் போறோமா?"

"உனக்கு வாங்கினதை நான் எப்படிடா…"

"தின்னுடா. கல்யாணத்துல என் இலையில இருந்து எடுத்துத் தின்னப்ப வெக்கம் இருந்துச்சா?"

மாஸ்டர் தின்றார். தண்ணீர் குடித்து இறக்கிக்கொண்டு மறுபடி தின்றார். மாப்பிள்ளை அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு படுக்கையை நீட்டி, மெத்தை விரித்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் கால்கள் இரண்டும் நீர் கோத்து வீங்கியிருந்தன. விரல் வைத்தால் குழி விழுந்து, மேலே வரவே நேரம் எடுத்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மாஸ்டர்தான் அந்தக் கால்களை அமுக்கிவிடுவார். அமுக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இங்கேயும் படுக்கை ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷமா அடுத்தவனை மேல ஏத்திவிட்டே பொழப்பு ஓடிச்சு. நடுவுல லிஃப்ட் நின்னுட்டா உள்ள இருக்கிறவன் கத்துவான் பாரு, ஏதோ உயிரே போற மாதிரி. நான் வெளியில நின்னு, 'சார், பயப்படாதீங்க, காத்து வரும், ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லுவேன். இப்ப எனக்குச் சொல்ல ஒருத்தன் வேணும்" என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணும் ஆகாது மாப்ளே."

"இப்படி இல்ல. கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லு."

வெளியே பட்டப்பகல். விமானம் வடக்கே ஏறி வளைந்து போகும் பாதையில் போனதால் சூரியன் மறையாமல் கூடவே வந்துகொண்டிருந்தது. ஆனால் பயணிகள் தூங்க வேண்டுமென்று ஜன்னல்களை மூடி, விளக்குகளை அணைத்து, உள்ளே இருட்டைச் செய்து வைத்திருந்தார்கள். திரையில் ஒரு குட்டி விமானப் படம் வெள்ளைப் பனிக்கடலின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

மாஸ்டர் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்க வேண்டும். விழித்தபோது 'ப்ஸ்' சத்தம் மாறியிருந்தது. ஒன்றை ஒன்று துரத்துவது போல் வந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்துகொண்டு, தோள் இரண்டையும் காதுவரை தூக்கி மூச்சை இழுத்தார். திரையின் வெளிச்சத்தில் உதடு மை தடவியது போல் இருந்தது.

மாஸ்டர் இயந்திரத்தில் காற்றைக் கூட்டி வைத்தார். முதுகைத் தடவினார். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். எதற்கும் அடங்கவில்லை.

"மாப்ளே… மெதுவா இழு. மெதுவா."

மாப்பிள்ளையின் கண்கள் அவர் முகத்தில் வந்து நின்றன.

"அமுக்கு…"

மாஸ்டர் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அமுக்கினார்.

மாப்பிள்ளை தலையை அசைத்தார். ஆமாம் என்று அசைத்தாரா, இல்லை என்று அசைத்தாரா, தலையணையில் தலை தானாகப் புரண்டதா, தெரியவில்லை.

"அமுக்கு, மச்சான்."

இன்னும் அழுத்தி அமுக்கினார் மாஸ்டர். பட்டன் அவர் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மங்கலாக எரிந்துகொண்டும் இருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவும் செய்தார். எந்த அமுக்கைச் சொல்கிறான் என்ற கேள்வி அவருக்குள் எழாமல் இல்லை. எழுந்தது. ஆனால் அமுக்கினால் விமானம் திரும்பும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் போய் என்ன சொல்வது? தொடாதே என்று சத்தியம் வாங்கியதும் இதே வாய்தானே? கால்தான் வலிக்கிறது, காலைத்தான் சொல்கிறான். இத்தனை நாளும் இந்த வார்த்தையைக் காலுக்குத்தானே சொன்னான்?

மாப்பிள்ளையின் கை எழும்பி வந்து மாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தது. ஒரு பொத்தான் தெறித்தது. பிறகு கை தளர்ந்து போர்வையில் விழுந்தது. 'ப்ஸ்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதன்பின் இல்லை.

மூச்சு வராததை உணர்ந்து இயந்திரம் கீச்சென்று அலறத் தொடங்கியது. முதலில் மாஸ்டர் செய்தது அந்தச் சத்தத்தை நிறுத்தியதுதான். கோட்டுக்காரர் கண்ணை மறைத்திருந்த துணியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்.

தலைமைப் பணிப்பெண் வந்துவிட்டாள்.

"மெஷினை ஏன் நிறுத்தினீங்க?"

"தூங்குறார்ம்மா."

அவள் குனிந்து கழுத்தில் விரல் வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"விமானத்தைத் திருப்பிடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவன் வீட்டுக்குப் போகணும்" என்று மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கையை உருவிக்கொண்டு ஓடினாள். விளக்குகள் எரிந்தன. பயணிகளில் டாக்டர் யாராவது உண்டா என்று ஒலிபெருக்கி கேட்டது. பின்பக்கத்திலிருந்து தலைமுடி கலைந்த ஒரு பெண் செருப்பில்லாமல் வந்தாள். குழந்தைகள் டாக்டர். மாப்பிள்ளையைத் தூக்கி, சாப்பாட்டு வண்டிகள் நிற்கும் இடத்தில் தரையில் கிடத்தினார்கள். டாக்டர் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அவர் மார்பை அமுக்கினாள். அவள் களைத்தபோது ஒரு பணியாளன் அமுக்கினான். அவன் களைத்தபோது தலைமைப் பணிப்பெண். எலும்பு நொறுங்கும் சத்தம் மாஸ்டருக்குக் கேட்டது. யாரோ அவரை நகர்ந்து நிற்கச் சொன்னார்கள். நகர்ந்து, காபி இயந்திரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார்.

கடைசியில் டாக்டர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து முன்கையால் நெற்றியைத் துடைத்தாள். "போயிட்டார்" என்றாள்.

"இப்ப… திருப்புவீங்களா?" என்று கேட்டார் மாஸ்டர்.

தலைமைப் பணிப்பெண் விமானிகள் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். "இல்ல சார். நேரா வீட்டுக்குத்தான். உயிர் இருந்தாத்தான் திருப்புவோம்."

"இருந்திருந்தா?"

மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஊர் இருக்கு சார். பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. கொஞ்ச நேரத்துல இறங்கியிருக்கலாம்."

மாஸ்டர் டாக்டர் பக்கம் திரும்பினார். அவள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியாதுங்க. இவர் இருந்த நிலைமைக்கு ரெண்டு நாள் கிடைச்சிருக்கலாம், மூணு நாள் கிடைச்சிருக்கலாம். கிடைக்காமலே போயிருக்கலாம். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

மறுபடி தூக்கி வந்து அதே படுக்கையில் கிடத்தினார்கள். கண்ணை மூடி, கழுத்துவரை போர்த்தி, போர்வைக்கு மேலே பெல்ட்டை மாட்டினார்கள். கோட்டுக்காரரை எங்கோ பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். போகும்போது அவர் மாஸ்டரின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

"நீங்களும் வேற சீட்டுக்கு வர்றீங்களா சார்?"

"வேண்டாம்மா. இங்கயே இருக்கேன்."

இனி அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பாதி வழிதான் வந்திருந்தது. திரையில் அந்தக் குட்டி விமானம் நகர்வதாகவே தெரியவில்லை. ஒரு பணிப்பெண் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், ஆறியதும் எடுத்துப் போனாள். மற்றவர்கள் எழுந்து பல் துலக்கினார்கள். சிற்றுண்டி வாசனை வந்தது. எங்கோ கரண்டி தட்டில் மோதியது, யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். மாஸ்டர் போர்வைக்குள் கையை விட்டு ஒரு பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். பழக்கதோஷத்தில் விரல்கள் அமுக்கப் போயின. பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இறங்கும் நேரம் நெருங்கியதும் தலைமைப் பணிப்பெண் வந்து நின்றாள்.

"என்னம்மா?"

"சார்… இறங்கும்போது சீட் எல்லாம் நிமிர்ந்திருக்கணும். ரூல். படுக்க வச்சபடி விட முடியாது."

மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "நானே செய்றேன்" என்றார்.

முதுகை நிமிர்த்தும் பட்டனைத் தேடி அமுக்கினார். மோட்டார் முனகியது. மாப்பிள்ளை மெல்ல மெல்ல எழுந்து வந்தார். உடம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது. அது இருக்கையோடு வளைய மறுத்து, ஒரு பக்கமாகச் சரிந்தது. மாஸ்டர் தோளைப் பிடித்து நேராக்கினார். பணிப்பெண் இடுப்பின் இரண்டு பக்கமும் தலையணை செருகினாள். தாடை தொங்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டினாள். சக்கரம் தரையில் பட்டு விமானம் குலுங்கியபோது மாஸ்டர் தன் இருக்கையிலிருந்து எட்டி, கையைக் குறுக்கே நீட்டி, அந்த நெஞ்சைப் பின்னோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

முன்னால் இருப்பவர்கள் முதலில் இறங்குவது வழக்கமாம். அன்று அவர்கள் கடைசி. பின்வரிசைக் குழந்தைகூடத் தூக்கக் கலக்கத்தில் நடந்து இறங்கிய பிறகு, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து, சாப்பாடு ஏற்றும் லாரியின் தட்டில் மாப்பிள்ளையைத் தரைக்கு இறக்கினார்கள்.

விமான நிலையத்தின் பின்பக்கம், சரக்குக் கிடங்கை ஒட்டி ஒரு அறை இருந்தது. போலீஸ்காரர், டாக்டர், விமானக் கம்பெனி ஆள் என்று ஒவ்வொருவராக வந்து மாஸ்டரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அதன்பின் தங்கையையும் அவள் மகளையும் உள்ளே விட்டார்கள். வெளியே ஆம்புலன்ஸோடு காத்திருந்த அவர்கள் இருவருக்கும் அங்கேயே விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள். மகள் அப்பாவின் மேல் விழுந்து கதறினாள். தங்கை நின்றபடி அவர் முகத்தைத் தடவினாள். கழுத்தில் இருந்த துண்டை அவிழ்த்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"தூக்கத்துலயா போனார் அண்ணா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். பணிப்பெண்கூட அப்படித்தான் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் சிறு வயதிலிருந்து அவளிடம் பொய் சொல்லி மாஸ்டருக்கு ஒருதடவைகூட நிலைத்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னார். சத்தியம் வாங்கியதை, அமுக்கு என்றதை, காலை அமுக்கியதை, பட்டனைத் திரும்பிப் பார்த்ததை, சட்டையைப் பிடித்ததை, இறங்கியிருக்கக்கூடிய ஊர் ஒன்று பக்கத்தில் இருந்ததை.

தங்கை மடித்த துண்டைக் கீழே வைத்தாள்.

"அந்த ஊர்ல இறக்கியிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"தெரியாது பாப்பா."

"தெரியாதுன்னா அமுக்கியிருக்கணும்."

"உன்கிட்ட உயிரோட கொண்டு வர்றேன்னு…"

"உயிரோடன்னுதானே சொன்னேன். எங்க இருந்தா என்ன? போன்ல அவர் குரலையாவது கேட்டிருப்பேன். மூச்சு விடுற சத்தத்தையாவது கேட்டிருப்பேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆம்புலன்ஸில் பின்னால் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. அவளும் மகளும் ஏறினார்கள். கதவை அவளே இழுத்துச் சாத்தினாள். மாஸ்டர் இரண்டு பேரின் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் பின்னால் போனார்.

காரியங்கள் எல்லாம் முறையாக நடந்தன. மாஸ்டர்தான் ஓடியாடிச் செய்தார். தங்கை அவரை ஒரு சொல் சொல்லவில்லை. காபி கொடுத்தாள், சாப்பிடச் சொன்னாள், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். வந்தவர்கள், அண்ணன்னா இப்படி இருக்கணும், கடல் தாண்டிப் போய்க் கூட்டி வந்திருக்கான் என்று சொன்னபோது அவள் எழுந்து உள்ளே போனாள்.

"தூக்கத்துல போயிட்டான்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? யார் உங்களைக் கேட்டா?" என்றாள் மாஸ்டரின் மனைவி.

எல்லோரும் கலைந்து போய்ச் சில வாரங்கள் ஆனபின் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, உன்மேல கோபம்னு நினைச்சுக்காதே. கோபம் இல்ல. நீ எவ்வளவு அல்லாடினேன்னு எனக்குத் தெரியும். ஆனா உன்னைப் பார்த்தா அவர் உன் சட்டையைப் பிடிச்சதுதான் கண்ணுல நிக்குது. கொஞ்ச நாள் வராதேயேன்."

"சரி பாப்பா."

"வேளா வேளைக்குச் சாப்பிடு."

"சரி."

மாஸ்டர் போகவில்லை. வண்டியில் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது அவள் தெரு வழியில் வந்தால், அடுத்த தெருவில் திரும்பச் சொல்லிவிடுவார். தங்கை மகள் மட்டும் கல்லூரி விட்டு வரும்போது எப்போதாவது பயிற்சிப் பள்ளியில் எட்டிப் பார்ப்பாள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பாள். அம்மா நல்லா இருக்காங்க மாமா, நேத்துக்கூடக் கொஞ்சம் தூங்கினாங்க என்பாள். அவர் தலையாட்டுவார். அம்மா ஏதாவது சொன்னாளா என்று ஒவ்வொரு தடவையும் கேட்க நினைப்பார், கேட்க மாட்டார். அவளும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.